மருந்துச் சீட்டும் டாக்டரின் வீடியோவும்

(வணிகர், இளைஞர் கூட்டத்தில் மருந்துக்கடை வணிகர் ஒருவர் ஆற்றிய உரை)



மருந்துக்கடைக்காரன் என்பதால் கடையில் கண்டதிலிருந்தே தொடங்குகிறேன். சென்ற மாதம் நம் தெருப் பையன் ஒருவன் செல்போனை நீட்டினான். வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு டாக்டர், முகம் பளபளக்க ஒரு களிம்பின் பெயரைச் சொல்கிறார். "காக்கா, இது ஒண்ணு தாங்க" என்றான். சீட்டு எங்கே தம்பி என்றேன். "டாக்டரே சொல்றாரே, அப்புறம் என்ன சீட்டு?" என்றான்.

அது ஸ்டீராய்டு களிம்பு. பூசிய சில நாட்களில் முகம் வெளுக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு கிளம்பும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். இந்தக் கொடுமையைக் கண்டுதான் 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மத்திய அரசு 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சீட்டில்லாமல் விற்றால் என் லைசென்சுக்கே ஆபத்து. 'எச்1' மருந்தென்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்துக் கம்பெனியும் இவற்றை மத்திய அரசின் முன் அனுமதியின்றி விளம்பரம் செய்ய முடியாது.

கடைக்காரனுக்குக் கடிவாளம், கம்பெனிக்குக் கடிவாளம். லட்சம் பேரிடம் ஒரே நேரத்தில் மருந்தின் பெயரைச் சொல்கிறாரே, அவருக்கு?

விதியே இல்லை என்று சொல்ல மாட்டேன். டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகளின்படி எந்த மருந்துக்கும் அவர்கள் சிபாரிசு விளம்பரம் செய்யக்கூடாது. ஆனால் யூடியூபும் இன்ஸ்டாகிராமும் வருமுன் எழுதப்பட்ட விதி அது. "நான் விளம்பரம் செய்யவில்லை, தகவல்தான் சொன்னேன்" என்றால் முடிந்தது கதை. 2023 ஆகஸ்ட் 2இல் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை வெளியிட்டது. சமூக ஊடகத்தில் பகிரங்கமாக நோயாளிக்கு மருந்து எழுதக்கூடாது, சொல்வது உண்மையாகவும் சரிபார்க்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும், காசு கொடுத்து 'லைக்' வாங்கக்கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. மூன்றே வாரம்! ஆகஸ்ட் 23இல் அத்தனையும் நிறுத்தி வைக்கப்பட்டது. மூலப்பெயரில் மருந்து எழுதுவது குறித்து எழுந்த எதிர்ப்பில், யாரும் பெரிதாக எதிர்க்காத இந்தப் பகுதியும் சேர்ந்து அடிபட்டுப் போனது.

டாக்டர்களின் வாயைக் கட்டச் சொல்கிறேனா? இல்லை. கொரோனா காலத்தில் தடுப்பூசி பற்றி வாட்ஸ்அப்பில் வந்த புரளிகளை மறுத்தவர்களும் டாக்டர்கள்தானே! நோயைப் பற்றிப் பேசட்டும், மருந்தின் தீங்கைப் பற்றியும் பேசட்டும். பிராண்டு பெயரைச் சொல்லி, "இத்தனை மில்லி போடுங்கள்" என்று முகம் தெரியாதவனுக்குச் சொல்வதைத்தான் கேட்கிறேன். எடை குறைக்கும் ஊசி பற்றியும் இப்போது இதே பேச்சுதான். கேட்பவனுக்குக் கணையக் கோளாறு உண்டா என்று வீடியோ கேட்குமா?

நம் தரப்புக் குறையையும் சொல்லியாக வேண்டும். நான் மறுத்த களிம்பு அன்று மாலையே அவனுக்கு வேறொரு கடையில் கிடைத்துவிட்டது. அந்தக் கடைக்காரரும் இந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும். கோபம் வேண்டாம் சகோதரரே.

நிறுத்தி வைத்த அந்த சமூக ஊடகப் பகுதியை மட்டுமாவது தனியே அமலாக்க வேண்டும். கம்பெனியிடம் பணம் வாங்கியிருந்தால் பதிவிலேயே சொல்ல வேண்டும். மருந்தாளுநர், செவிலியருக்கும் இதே விதி வேண்டும். இவற்றைக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. வணிகர்கள் கடை முத்திரையோடு கையெழுத்திடுங்கள்.