சிக்னல் பாறை

(ஜவ்வாது மலையில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



என்னைச் சாமை வியாபாரம் பத்திப் பேசச் சொல்லியிருந்தாங்க. அதை அடுத்த கூட்டத்துல வச்சுக்கலாம். நம்ம ஊருக்கு டவர் போடுறது பத்தி வர்ற அக்டோபர் 2 கிராம சபையில் பேச்சு வரப்போகுது. டவர் வேண்டாம்னு நாலு குழுக்காரங்க மனுவில் கையெழுத்துப் போட்டோம். போட்டதுல நானும் ஒருத்தி. அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்கத்தான் இப்போ நிக்கிறேன்.

நம்ம ஊர்ல டவர் கிடைக்கிற இடம் ஒண்ணே ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்கு மேல இருக்கிற பாறை. அதுல யார் ஏறுறோம்? ஆம்பளைங்க வேலைக்கு ஜமுனாமரத்தூர், போளூர்னு இறங்கிடறாங்க. போன் பேச வேண்டியதை அங்கேயே பேசி முடிச்சுட்டு வர்றாங்க. மலையிலேயே இருக்கிறது நாமதான். வங்கியில இருந்து ஓடிபி வந்தா, பாறையில பார்த்துட்டுக் கீழ இறங்குறதுக்குள்ள அதோட நேரம் முடிஞ்சிடுது. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரியில இருந்து வருகையைப் போன்ல படம் பிடிச்சு ஏத்தணும்னு ஆச்சு, அதுவும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. படம் ஏறலைன்னா பணித்தளப் பொறுப்பாளரோட சண்டை. அவளும் நம்ம குழுக்காரிதானே, அவ என்ன பண்ணுவா?

போன ஆடி மாசம் ராத்திரி என் ஓரகத்திக்கு வலி எடுத்துச்சு. நல்ல மழை. நான்தான் டார்ச் எடுத்துக்கிட்டுப் பாறைக்கு ஓடி 108-க்குப் பேசினேன். வண்டிக்காரர் வழி கேட்டுத் திரும்பக் கூப்பிடுவாரே, கீழ இறங்கிட்டா அந்த போன் எனக்கு வராது. அதனால முக்கால் மணி நேரம் பாறை மேலேயே நனைஞ்சுக்கிட்டு நின்னேன். கீழ அவ பக்கத்துல இருந்தது கண்ணு சரியாத் தெரியாத எங்க மாமியார் மட்டும். வண்டி வர்றதுக்கு முன்னாடியே குழந்தை பிறந்துடுச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஆனா அந்த முக்கால் மணி நேரத்தை நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயித்தைக் கலக்குது.

அப்புறமும் ஏன் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டேன்? பயம்தான். புற்றுநோய் வரும்னு சொன்னாங்க. அந்தப் பயம் வெறும் கட்டுக்கதை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் இந்த அலைகளை, புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கலாம் என்கிற பட்டியலில் சேர்த்திருக்கு. ஆனா அதுக்கு முக்கிய ஆதாரமா எடுத்துக்கிட்டது காதுல வச்சுப் பேசுற போனைத்தான். சிக்னல் கம்மியா இருக்கிற இடத்துல போன் தன் சக்தியைக் கூட்டித்தான் வேலை செய்யுது. அப்படிப் பார்த்தா, டவர் இல்லாத ஊர்லதான் நம்ம காதுக்குப் பக்கத்துல அதிகமா அலை வருது. நம்ம நாட்டுல 2012 செப்டம்பர் 1 முதல் டவருக்கு வச்ச வரம்பு, உலக அளவில் சொல்லியிருந்த வரம்பில் பத்தில் ஒரு பங்கு. சந்தேகம் இருந்தா தரங் சஞ்சார் என்கிற அரசு இணையதளத்துல பணம் கட்டி அளந்து பார்க்கச் சொல்லலாம்.

இது யாரும் நமக்குப் போடுற பிச்சையும் இல்லை. 4ஜி இல்லாத 24,680 ஊர்களுக்கு அதைக் கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில ஒப்புதல் கொடுத்திருக்கு. கேட்கிறது நம்ம உரிமை.

அதுக்காக எங்க வேணும்னாலும் போட்டுக்கோன்னு விட முடியாது. களத்து ஓரமா இடம் பார்த்திருக்காங்க. அங்க கூடாது. சாமை காயப்போட நமக்கு வேற சமதரை ஏது? பாறைக்குப் பின்னாடி இருக்கிற மேட்டுல போடட்டும். வண்டி போக வழி வெட்டணுமே, செலவாகுமேன்னு சொல்லுவாங்க, சொல்லட்டும். இன்னொண்ணு, மழைக்காலத்துல இங்க கரண்ட் நாள் கணக்கா வராது. பேட்டரியோ சோலாரோ இல்லாத டவர் கரண்ட் போன கொஞ்ச நேரத்துல செத்துப்போகும். நமக்கு டவர் வேண்டியதே அந்த மாதிரி ராத்திரிக்குத்தான். இட வாடகை யாருக்குப் போகும்னும் சபையிலேயே கேட்டு எழுதி வாங்கணும்.

அக்டோபர் 2-க்கு முன்னாடி ஒவ்வொரு குழுவும் இதைத் தீர்மானப் புத்தகத்துல எழுதி, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டு வாங்க. எழுதத் தெரியாதவங்க ரேகை வைங்க. இன்னும் வேண்டாம்னு நினைக்கிற அக்காமாரும் சபைக்கு அவசியம் வரணும், அங்க வந்து என்னோட சண்டை போடுங்க.

மேகம் கட்டுது, களத்துல சாமை கிடக்கு. இத்தோட முடிச்சுக்கிறேன்.