ரோட்டுச் சைக்கிளா, வீட்டுச் சைக்கிளா?

(எருக்கலம்பிட்டிக்கு வந்திருந்த தோட்டத் தொழிலாளர் குழுவினருக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து எங்கள் கரைக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோரையும் எருக்கலம்பிட்டி மக்களாகிய நாங்கள் அன்போடு வரவேற்கிறோம். உங்கள் முன்னோருக்கு இந்தத் தீவு புதிய இடமல்ல. ரயில் வராத அந்தக் காலத்தில், தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே போனவர்கள் அவர்கள். 2023 ஜூலைக் கடைசியில் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்டில் மாத்தளை போய்ச் சேர்ந்த 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம் அந்தப் பழைய பாதையைத்தான் நினைவூட்டியது.

ஆக, காலில் பலமுள்ள பரம்பரை நீங்கள். அந்தக் கால் நின்றுபோனால் என்ன நடக்கும் என்பதுதான் இன்றைய பேச்சு.

முப்பது நாற்பது வருஷம் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய உடம்பு, வேலையிலிருந்து நின்றதும் லயத்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறது. கால் நின்றாலும் வாய் நிற்பதில்லை. அதே சோறு, அதே ரொட்டி, அதே சீனி போட்ட தேத்தண்ணி. வேலை செய்த காலத்தில் எரிந்த சாப்பாடு இப்போது வயிற்றைச் சுற்றி நிற்கிறது. பிறகு பிரஷர், சீனி வருத்தம், மூச்சு வாங்கல் என்று ஒவ்வொன்றாக வருகின்றன.

எங்கள் பக்கக் கதையும் அப்படித்தான். 1990 ஒக்டோபரில் நாங்கள் இந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டோம். புத்தளம், கல்பிட்டிப் பக்கங்களில் இருபது வருஷமளவில் வாழ்ந்துவிட்டு, 2009க்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கினோம். இளந்தாரியாகப் போனவர்கள் பேரப்பிள்ளை கண்டவர்களாக வந்தார்கள். முன்பு சைக்கிளில் கடற்கரைக்குப் போனவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு ஏறிப் பார்த்தபோதுதான், மூச்சு எவ்வளவு குறைந்துவிட்டது என்று பலருக்கும் விளங்கியது.

அன்றிலிருந்து எங்களிடையே அடிக்கடி எழும் கேள்வி இது: வயது போன பிறகு உடம்பைத் தேற்ற ரோட்டில் சைக்கிள் ஓடுவது நல்லதா, வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் நல்லதா? வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அந்த வீட்டுச் சைக்கிளை வாங்கி அனுப்புகிறார்கள். உங்கள் தோட்டத்திலும் இந்தக் கேள்வி வரும்.

இதயத்துக்கு ரோடும் தெரியாது, வீடும் தெரியாது. கால் சுழல்கிறதா, மூச்சு கொஞ்சம் கூடுகிறதா என்பதுதான் அதற்குக் கணக்கு. இரண்டு சைக்கிளும் அதைச் செய்யும். முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு இரண்டுமே நல்லவை. உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் சீட் தாங்கிக்கொள்வதால், மலை இறங்கும்போது முழங்காலில் விழும் அடி இதில் இல்லை. அப்படியானால் எதைப் பார்த்துத் தெரிவு செய்வது? நாங்கள் சொல்வது இதுதான்: முதலில் விழுகையைப் பாருங்கள். இருபது வயதில் சைக்கிளால் விழுந்தால் முழங்கையில் தோல் போகும். அறுபதில் விழுந்தால் இடுப்பெலும்பு போகும். இடுப்பு முறிந்து படுத்த ஒருவரைப் பார்க்க வீட்டில் இன்னொருவர் வேலையை விட வேண்டும். இரண்டு பேரின் வருமானம் நிற்கும்.

ஆகவே ஒரு சின்னப் பரீட்சை. சுவருக்குப் பக்கத்தில், பிடிக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் பத்து வினாடி நின்று பாருங்கள். நிற்க முடியாதவர், அடிக்கடி தலை சுற்றுபவர், சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவர், கண் மங்கியவர் ஆகியோர் ரோட்டுச் சைக்கிளில் ஏற வேண்டாம். அவர்களுக்கு வீட்டுச் சைக்கிள்தான் சரி. இளமையிலேயே ஓடிப் பழகி, இன்றும் தடுமாறாமல் நிற்பவருக்கு ரோடு திறந்திருக்கிறது.

இரண்டாவது, இடம். இங்கே எங்கள் தீவு உள்ளங்கை மாதிரிச் சமதரை. மன்னார்ப் பட்டணத்திலிருந்து தலைமன்னார் வரைக்கும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்களுக்கு ஏற்றம் காற்றிலே இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் அடிக்கும்போது சமதரையும் மலையாகிவிடும். இந்தக் காற்றை நம்பித்தான் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நட்டு, 2020 டிசம்பரில் 'தம்பபவனி' என்று திறந்தார்கள். 103.5 மெகாவாற் மின்சாரம் எடுக்கக்கூடிய காற்றை நம் நெஞ்சால் தள்ளிக்கொண்டு போவது லேசான வேலையா? அதனால் எங்களுக்கு ஒரு விதி உண்டு: போகும்போது காற்றுக்கு எதிரே போ, வரும்போது காற்று உன்னைக் கொண்டுவரட்டும். மாறிச் செய்தவன் களைத்துப்போய் நடு ரோட்டில் நிற்பான். வெயில் ஏறுமுன், காலையிலேயே ஓடிவிட வேண்டும். இருட்டில் ஓடக் கூடாது. ரோட்டில் படுத்திருக்கும் கழுதைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். இருட்டில் அவை கண்ணுக்குத் தெரியா.

உங்கள் இடம் நேர் எதிர். தோட்ட ரோட்டில் வளைவும் செங்குத்தும் சரளைக் கல்லும் உண்டு. மழையும் பனிமூட்டமும் உண்டு. நனைந்த சில்லை பிரேக் கட்டை உடனே பிடிக்காது. இறக்கத்தில் அது உயிர்ப் பிரச்சினை. முச்சக்கர வண்டியும் கொழுந்து லொறியும் அதே ஒடுங்கிய ரோட்டில்தான் வருகின்றன. ஐம்பத்தெட்டு வயதில் அந்த ரோட்டில் புதிதாகச் சைக்கிள் பழகச் சொல்லி நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம். பழகியவராக இருந்தால், முதலில் மேலே ஏறுங்கள், களைத்தபின் மெதுவாக இறங்குங்கள். பாதி ஏற்றத்தில் மூச்சு முட்டினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அதில் வெட்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு வீட்டுச் சைக்கிள், இல்லாவிட்டால் உங்கள் பழைய நடை.

"பொம்பளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். கொழுந்து பறித்த கை அதிகமும் பெண்களின் கை. ஓய்ந்த பிறகு நோயும் அவர்களுக்கு வருகிறது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பழகி ரோட்டில் இறங்கினார்கள். பழகலாமா என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது. எங்கள் ஊரில் வெளியே ஓட விரும்பாத தாய்மாருக்கும் ராத்தாமாருக்கும், கதவைச் சாத்திக்கொண்டு மிதிக்கும் வீட்டுச் சைக்கிள் பெரிய உதவி. ரோட்டில் ஓடுவோர் சேலைத் தலைப்பும் பாவாடை விளிம்பும் செயினில் சிக்காமல் மூடி போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, காசு. இதை அழுத்திச் சொல்கிறோம். சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்த கையோடு மெஷின் வாங்க ஓடாதீர்கள். எத்தனையோ வீடுகளில் அது மூன்று மாதத்தில் துணி காயப்போடும் கொடியாகிவிடுகிறது. லய அறையில் அதை வைக்க இடமும் இல்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, அல்லது உங்கள் நலன்புரிக் குழு மூலமாக, தோட்டத்துச் சமூக மண்டபத்தில் ஒன்றை வைக்கும்படி கேளுங்கள். ஒருவர் மிதிக்க மற்றவர் கதை சொன்னால் அலுப்பும் தட்டாது. தனியே சுவரைப் பார்த்து மிதிப்பதுதான் வீட்டுச் சைக்கிளின் பெரிய குறை. பழைய சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு மிதிக்கலாமே என்று நினைக்க வேண்டாம். சில்லு சும்மா சுற்றும், காலுக்கு வேலை இராது. ஸ்டாண்ட் சறுக்கினால் ஆளும் சரிவார்.

வீட்டுக்குள் மிதிப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்தால் ஃபேன் போடுங்கள். நாம் செலவழிக்கும் சக்தியில் கால்வாசி அளவுதான் மிதிக்குப் போகிறது; மிச்சமெல்லாம் உடம்புச் சூடு. ரோட்டில் எதிர்க்காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். அறைக்குள் அது நம்மோடேயே நிற்கும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

இனி எப்படித் தொடங்குவது? சீட்டின் உயரத்தைச் சரி செய்யுங்கள். மிதி கீழே போகும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்க வேண்டும். சீட் பதிந்திருந்தால் முழங்கால் நோகும், உயர்ந்திருந்தால் இடுப்பு நோகும். முதல் இரண்டு கிழமையும் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். பிறகு கிழமைக்கு ஐந்து நிமிஷமாகக் கூட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம். ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்றால் அந்தக் கணக்கில் கால் வைத்துவிட்டோம். வேகத்துக்கு மணிக்கூடு வேண்டாம்: மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் காணாது. பேச்சே வராவிட்டால் அளவு மீறிவிட்டது. நிறுத்தும்போது சட்டென்று நிறுத்தாதீர்கள். காலில் இரத்தம் தங்கித் தலை சுற்றும். கடைசி ஐந்து நிமிஷம் மெதுவாக மிதித்து, பிறகு பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

சைக்கிளால் கிடைக்காத ஒன்றும் உண்டு. எலும்புக்குப் பாரம் வேண்டும். சீட்டில் உட்கார்ந்து மிதிக்கையில் அது போதாது. எனவே தினமும் கொஞ்சம் நடங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது கதிரையில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும்புங்கள். 65 தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும்.

தொடங்குமுன் வைத்தியரிடம் ஒரு தரம் காட்டுங்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கும் நிலையங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் இருக்கின்றன. சீனிக்கு மருந்து எடுப்பவர் மிதிக்கும்போது சட்டைப்பையில் இரண்டு டொபி வைத்திருங்கள். நடுக்கம், வியர்வை, மயக்கம் வந்தால் உடனே நிறுத்திச் சாப்பிடுங்கள். சப்பாத்துப் போடாமல் மிதிக்காதீர்கள், முடிந்தபின் பாதத்தைப் பாருங்கள். நெஞ்சு நோ, இடது கையில் நோ, காரணமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று இருக்காமல் 1990 இலக்கத்துக்கு எடுங்கள். அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

எங்கள் கருத்தைக் கேட்டால், எங்கள் சமதரையில் தடுமாறாத காலுள்ளவருக்கு ரோடு. உங்கள் மலையில் பெரும்பாலானவருக்கு மண்டபத்துச் சைக்கிளும் கொஞ்ச நடையும். தோட்டத்துக்குத் திரும்பியதும் அடுத்த குழுக் கூட்டத்திலேயே இந்த விஷயத்தை எடுத்துப் பேசுங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் பரீட்சையை இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வைத்துப் பாருங்கள், பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டு.