அம்மம்மாவின் கைகள்
(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



விடுமுறையிலே குடும்பத்தோடு சென்று கண்டதைப்பற்றி நாலு வார்த்தை பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நாம் சென்றது ஒரு நூதனசாலைக்கு. நூதனசாலையென்றதும் கண்ணாடிப் பெட்டிகளும், 'தொடவேண்டாம்' என்னும் பலகையும் உங்கள் நினைவுக்கு வரும். நாம் கண்டது வேறு வகை.

சுவீடன் தேசத்தின் தலைநகராகிய ஸ்ரொக்ஹோமிலே, 1891ஆம் ஆண்டில், ஆர்தர் ஹசேலியஸ் என்னும் பெரியார் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி நூதனசாலையைத் தொடக்கினார். ஆலைத்தொழில் பெருகிப் பழைய கிராம வாழ்க்கை மறைந்துகொண்டிருந்த காலம் அது. பல ஊர்களிலிருந்தும் பழைய வீடுகளைக் கழற்றிக் கொணர்ந்து ஓரிடத்திலே நாட்டினார். அவற்றில் அக்கால வாழ்க்கையையும் நடத்திக் காட்டினார். பின்னர் பல நாடுகளில் இவ்வகை நூதனசாலைகள் எழுந்தன.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்திராவும் இவ்வகையினதே. டெபோரா தியாகராஜன் என்னும் அம்மையாரின் முயற்சியால் 1996ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. எளிய கட்டடங்களுக்குப் பேர்பெற்ற லாரி பேக்கர் அதன் அமைப்பை வகுத்தவர். தென்னிந்தியாவின் பல பாகங்களில் இடிபடவிருந்த வீடுகளை விலைகொடுத்து வாங்கி, தூணும் கதவும் உத்தரமுமாகக் கொண்டுவந்து, பழைய முறை தெரிந்த தச்சர் கொத்தரைக் கொண்டே திரும்ப எழுப்பியிருக்கிறார்கள்.

காலையிலே உள்ளே போனோம். எங்கள் தாயாரும் உடன்வந்தார். காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு, தஞ்சாவூர் உழவர் வீடு, கேரளத்து மரவீடு, ஆந்திரக் கடற்கரையின் வட்டவடிவ மண்வீடு என்று ஒவ்வொன்றாகப் புகுந்து பார்த்தோம். குயவரின் சக்கரத்தில் எங்கள் மகன் ஒரு சட்டி வனைந்தான். அது வாய்கோணிச் சரிந்து விழுந்தது. எல்லோரும் சிரித்தோம்.

செட்டிநாட்டு வீட்டின் வாயிலுக்கு வந்ததும் தாயார் நின்றுவிட்டார். கதவைத் தடவியபடி, "எங்கடை தலைவாசற் கதவும் உப்பிடித்தானே இருந்தது" என்றார். எமக்கு மறுமொழி வரவில்லை.

சபையோரே, எமது ஊரில் யுத்தத்தில் விழுந்த வீடுகள் பல. எங்கள் நாற்சார் வீடு யுத்தத்தில் விழவில்லை. புதுவீடு கட்டுவதற்காக அதை இடித்தவர்கள் நாங்களே. அந்தக் கதவை விறகு விலைக்கு விற்றவர்களும் நாங்களே. அன்று தாயார் ஒன்றுஞ் சொல்லவில்லை. நாங்களும் அவரைக் கேட்கவில்லை. இடிபட இருந்த அயலார் வீட்டைப் பிறர் காசுகொடுத்துக் காப்பாற்றியிருக்க, அதைக் காண நாம் கடல்கடந்து போய்க் கட்டணமுங் கொடுத்தோம்!

மத்தியானத்திற்குப் பின், ஒரு திண்ணையிலே ஓர் அம்மா ஓலையிற் கிளியும் மீனும் செய்துகொண்டிருந்தார். தாயார் அருகே குந்தி, மிஞ்சிக் கிடந்த ஓலையை எடுத்து வார்ந்து, பேச்சுக் கொடுத்தபடியே இழைக்கத் தொடங்கினார். சிறிது நேரத்தில் உள்ளங்கையளவு குட்டான் ஒன்று உருவாயிற்று. அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூலை மடிக்கும் விதத்தைக் கேட்டறிந்தார். பார்க்க வந்தவர்களும் சுற்றி நின்றார்கள். எங்கள் மூத்த மகள் திகைத்துப்போனாள்.

"அம்மம்மா, உங்களுக்கு இது தெரியுமே? ஏன் எங்களுக்குச் சொல்லித்தரேல்லை?"

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே, பிள்ளை."

கோபத்தோடு சொன்ன வார்த்தையன்று அது. ஆயினும் திரும்பிவரும் வழியெல்லாம் எங்கள் காதில் அதுவே ஒலித்தது. வீட்டைக் கழற்றி வேறிடத்திற் பூட்டலாம். கைப்பழக்கத்தை அப்படிக் கழற்றி வைக்க முடியாது. ஒரு கை இருக்கும்போதே மற்றொரு கை அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு விறாந்தையில் ஓலை பரவிக் கிடக்கிறது. அயல்வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் இழைக்கும் பெட்டிகள் பெரும்பாலுங் கோணல். தாயார் அவிழ்த்துவிட்டு மறுபடியும் தொடங்கச் சொல்லுகிறார். இதுவரை நேராக வந்த சுளகு ஒன்றேயொன்று.

இளைஞர்களே, நூதனசாலை கட்டப் பெருநிதி வேண்டும். கேட்பதற்குக் காசு வேண்டாம். கடகம் பொத்தத் தெரிந்தவர், துலாவிட்டு நீரிறைத்தவர், கிடுகு பின்னியவர் இன்னும் எங்கள் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு மாலைப்பொழுது அவர்களை இந்த மண்டபத்திற்கு அழைத்து இருத்துவோம். பெரியோர்களே, பிள்ளைகள் கேட்கட்டுமென்று காத்திராமல் நீங்களுந் தொடங்குங்கள். விற்ற கதவு இனித் திரும்பாது. இருக்கும் கைகளையாவது இழக்காதிருப்போம்.