மழையோடு முளைக்கும் கீழாநெல்லி

மும்பையில் ஜூன் மழை இறங்கிச் சில வாரங்களுக்குள் மாதுங்காவின் மதிலோரங்களிலும் செம்பூர் வீடுகளின் பூந்தொட்டிகளிலும் யாரும் விதைக்காமலே கீழாநெல்லி தலைகாட்டிவிடும். மராத்தியர் இதைப் புயி ஆவளா என்பார்கள். குடிநீரில் சாக்கடை கலந்து மஞ்சள் காமாலை பரவுவதும் இதே மாதங்களில்தான். நோயும் செடியும் சேர்ந்தே வருவதால் நம் ஊர்க்காரர்களுக்கு காமாலை மருந்தென்று இச்செடியின்மேல் அலாதி நம்பிக்கை.

இதை இனம் காண்பதில் நம் பாட்டிகள் கெட்டிக்காரர்கள். முழங்கால் உயரம்கூட எட்டாத செடி. புளிய இலை போலச் சிற்றிலைகள், இருட்டினால் மடங்கிக்கொள்ளும். கிளையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கடுகை விடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். தண்டைக் கிள்ளினால் பால் வரக்கூடாது. வந்தால் அம்மான் பச்சரிசியாக இருக்கலாம். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் சொரசொரவென்று ஒட்டியிருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி, வேறு இனம்.

பறிக்கும் இடத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம். தாராவியின் சாக்கடையோரத்துச் செடியும், களைக்கொல்லி தெளிக்கும் தண்டவாள ஓரத்துச் செடியும் எவ்வளவு செழித்திருந்தாலும் வேண்டாம். தொட்டியில் ஒன்றை விட்டுவையுங்கள். விதை தானே உதிர்ந்து அடுத்த மழைக்கும் முளைக்கும். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அரைத்து மோரில் கலக்குவது வீட்டு வழக்கம். கசப்புக்குக் குறைவிருக்காது!

சரி, கேட்குமா? 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. தவிர, மழைக்காலக் காமாலை பெரும்பாலும் ஏ, இ வகை. அது பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். பெயர் மட்டும் மோரில் கலக்கிய கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது.

பாட்டியின் கண்ணுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன், அவர் மருந்துக்குப் பாதிதான். இ வகை கர்ப்பிணிகளின் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மருத்துவரிடம் கேட்ட பிறகு மோரைப் பற்றி யோசிக்கலாம்.