ஓய்வு யாருக்கு?

வானொலி மறையுரை
பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
நற்செய்தி: மாற்கு 6:30-34

  

திருத்தூதர்கள் பணி முடித்துக் களைப்போடு திரும்புகிறார்கள். வந்துபோகும் கூட்டத்தில் அவர்களுக்கு உணவருந்தவும் நேரம் கிடைக்கவில்லை. அதைக் கவனித்த ஆண்டவர், ஆளரவம் இல்லாத ஓரிடத்துக்குப் போய் இளைப்பாறும்படி அவர்களை அழைக்கிறார். சாப்பிட நேரமில்லாத பிழைப்பு எப்படியிருக்கும் என்று பெருமாநல்லூரில் இருக்கும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நாள் நெருங்கிவிட்டால் இரவும் இல்லை, ஞாயிறும் இல்லை. டைலருக்கு மட்டுமல்ல, முதலாளிக்கும் அதே கதிதான். பையர் தேதி குறித்துவிட்டால் அவருக்கும் தூக்கம் போய்விடுகிறது.

ஆகவே, உழைத்துக் களைத்த குடும்பம் நான்கு நாள் வெளியே போய் வருவது பாவமல்ல. ஓய்வைக் கட்டளையாகவே கொடுத்தவர் நம் கடவுள். ஆண்டு முழுவதும் அப்பாவைத் தூங்கும்போது மட்டுமே பார்க்கிற பிள்ளை, அவரோடு ஒரு மலைப்பாதையில் கைகோத்து நடப்பது நல்ல காரியம்.

ஆனால் இன்று 'லீவுக்கு எங்கே போனீர்கள்?' என்ற கேள்விக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் போதவில்லை. எந்த ரிசார்ட், ஒரு நாளைக்கு எவ்வளவு, அறையை ஒட்டி நீச்சல் குளம் உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை போனால் அரசு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. போடுகிறது. அந்தக் கோட்டைத் தாண்டி, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாடகை கொடுக்கும் குடும்பங்கள் நம் பங்கிலும் உண்டு. இது அவர்களைச் சுட்டிக்காட்டும் பேச்சு அல்ல. கடன் வாங்கியாவது ஒரு முறை போய்விட வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. போனவர், போக ஏங்குபவர் இருவருக்கும் இன்றைய நற்செய்தியில் செய்தி இருக்கிறது.

மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை வீட்டில் முழுவதுமாக வாசித்துப் பாருங்கள். அதில் இரண்டு விருந்துகள் உண்டு. முதலாவது, ஏரோது தன் பிறந்த நாளுக்கு வைத்த விருந்து. அரசவையினரும் படைத் தலைவர்களும் கலிலேயாவின் பெரிய மனிதர்களும் அதற்கு வந்தார்கள். இசைந்தவர்களுக்கு முன் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, மதிப்புக் குறையாமல் இருக்க, அரசன் ஓர் இறைவாக்கினரின் தலையைத் தட்டில் கொண்டுவரச் செய்தான். இரண்டாவது விருந்து, ஓய்வுக்காகத் தேடிப்போன தனிமையான இடத்திலேயே நடந்தது. மக்கள் முந்திக்கொண்டு அங்கே வந்துவிட்டார்கள். ஆண்டவர் முகம் சுளிக்கவில்லை, அவர்கள்மீது மனம் இரங்கினார். அவர்கள் உட்கார்ந்த புல் பசுமையாய் இருந்தது என்பதையும் மாற்கு குறிக்கத் தவறவில்லை. ஐந்து அப்பம், இரண்டு மீன். எல்லாரும் வயிறார உண்டார்கள், மீதியும் இருந்தது.

ஒரு விருந்துக்கு விலையாக ஓர் உயிர் போனது. மற்றதில் வந்தவர் எல்லாருக்கும் உயிர் கிடைத்தது. நம் விடுமுறை இந்த இரண்டில் எதைப் போன்றது?

இது வெறும் உவமையல்ல. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் மசினகுடி. அந்தச் சீகூர் சமவெளி, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு யானைகள் தண்ணீரும் மேய்ச்சலும் தேடிக் காலங்காலமாக நடந்து போகும் வழி. அந்த வழியில் விடுதிகள் எழுந்தன, வேலிகள் வந்தன. அதை யானை வழித்தடமாக அறிவித்த தமிழக அரசின் ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் உறுதி செய்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி பல விடுதிகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. அதற்கு மூன்று மாதம் கழித்து, மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானைமீது தீப்பற்றிய பொருளை எறிந்தார்கள். காது எரிய அது காட்டுக்குள் ஓடிய காட்சியைக் கைப்பேசியில் நம்மில் பலரும் பார்த்தோம். 2021 ஜனவரி 19 அன்று அந்த யானை இறந்தது. அதன் துதிக்கையைத் தடவியபடி ஒரு வனப் பணியாளர் அழுததையும் பார்த்தோம்.

'யானையைப் பார்க்கலாம்' என்று சொல்லித்தான் காட்டோர அறைக்குக் கூடுதல் வாடகை வாங்குகிறார்கள். யானை உண்மையிலேயே வந்தபோது கிடைத்தது நெருப்பு. நாம் எறியவில்லை, உண்மைதான். ஆனால் நாம் கேட்கும் வசதிக்காகத்தான் அந்த அறை அங்கே எழுந்தது.

விடுதலைப் பயண நூல் 23ஆம் அதிகாரம், 12ஆம் வசனத்தைப் பாருங்கள். ஓய்வு நாள் எதற்கு? உன் மாடும் கழுதையும் ஓய்வு பெற, உன் வீட்டுப் பணிப்பெண்ணின் பிள்ளையும், உன்னிடத்தில் இருக்கும் அந்நியரும் இளைப்பாற என்கிறது. கடவுள் தரும் ஓய்வு தனி ஆளுக்கான அறை அல்ல, எல்லாருக்குமான கூரை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் நிறுவனங்களில் தைப்பவர்கள் இன்று அந்த அந்நியர்கள். திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் தொழிலாளர் உரிமை பற்றி எழுதிய சுற்றுமடலிலேயே ஞாயிறு ஓய்வை வலியுறுத்தினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' மடலில், ஞாயிறு ஓய்வு நம் கண்களைத் திறந்து பிறர் உரிமையைப் பார்க்க வைக்கிறது என்ற கருத்தை நமக்கு நினைவூட்டுகிறார்.

எனவே அன்பானவர்களே, விடுமுறைக்குத் திட்டமிடும்போது மூன்றைக் கவனிப்போம்.

முதலாவது, நாம் தங்கும் இடம் யாருடைய வழியை மறித்துக் கட்டப்பட்டது என்று கேட்போம். அனுமதி பெற்ற விடுதியா என்று விசாரிப்பதில் வெட்கம் வேண்டாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கேட்கிறார்கள் என்றால், மலை நம் வண்டிகளின் பாரம் தாங்காமல் தவிக்கிறது என்றுதான் பொருள்.

இரண்டாவது, அறையைப் பெருக்கி, படுக்கை விரித்து, பாத்திரம் கழுவுகிறவர்களை முகம் பார்த்துப் பேசுவோம். லாசரை அந்தச் செல்வர் அடித்ததாக நற்செய்தி சொல்லவில்லை. வாசலில் கிடந்தவரை அவர் பொருட்படுத்தவே இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, நாம் ஓய்வெடுப்பது போல நம்மிடம் வேலை செய்பவர்களும் ஓய்வெடுக்க வழி செய்வோம். முதலாளியின் குடும்பம் மலையில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தால் அந்த ஓய்வு பாதி ஓய்வுதான். போக வசதியில்லாத குடும்பங்களே, மனம் தளர வேண்டாம். ஞாயிறு திருப்பலிக்குப் பின் செல்போனை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரு மதிய உணவு போதும். ஆண்டவர் அமரச் சொன்ன பசும்புல் அங்கேயும் முளைக்கும்.

மன்றாடுவோம். உழைக்கும் கரங்களின் ஆண்டவரே, எங்கள் ஓய்வு பிறருடைய ஓய்வைப் பறிக்காமல் காத்தருளும். நீர் படைத்த காட்டையும் மலையையும் விருந்தினராய் மதித்து நடக்கும் மனத்தைத் தாரும். ஆமென்.