பட்டம் யாருக்கு வேண்டாம்?

(திண்டுக்கல்லில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



புரோகிராமர் ஆக கணினி அறிவியல் பட்டம் கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையைப் பொறுத்தவரை கட்டாயமில்லை. எழுதிய நிரல் ஓடுகிறதா என்பதைக் கணினியே சொல்லிவிடும். அது யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. இதே தமிழ்நாட்டில் சோஹோ நிறுவனம் இருபது ஆண்டுகளாக பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து, வேலையும் தருகிறது. நல்ல செய்திதான்.

ஆனால் வேலை கொடுப்பது கணினி அல்ல, மனிதர்கள்.

நம் ஊர் தோல் ஆலைகளை நினைத்துப் பாருங்கள். டி.செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினாரே, அப்படியொரு சுண்ணாம்புக் குழியில்தான் என் தாத்தாவும் நின்றார். தோலைத் தொட்டுப் பார்த்தே பதம் சொல்வார். அதை யாரும் வேதியியல் என்று சொல்லவில்லை, குலத்தொழில் என்றார்கள். கூலியும் அதற்கேற்பத்தான். சென்னையில் அதே தொழில் லெதர் டெக்னாலஜி என்ற பி.டெக். படிப்பு. திறமை நம்மிடம் எப்போதும் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வைக்கும் காகிதம்தான் இல்லை.

பட்டம் வேண்டாம் என்பதற்கு பில் கேட்ஸையும் ஜுக்கர்பெர்க்கையும் காட்டுகிறார்கள். இருவரும் ஹார்வர்டில் இடம் கிடைத்த பிறகு வெளியேறியவர்கள். சோஹோவின் ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐஐடியில் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். வேண்டாம் என்று சொல்வதற்கும் அது முதலில் கைக்கு எட்ட வேண்டும்.

நான் 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையில் பொறியியல் சேர்ந்தவன். ஒரு நேர்முகத் தேர்வில் கோடிங்கை முடித்த பிறகு, "திண்டுக்கல்லில் எந்தப் பகுதி? அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டார்கள். சொன்னதும் அறை அமைதியானது. பிறகு மதிப்பெண் பட்டியலைப் புரட்டினார்கள். அதை மட்டும் அவர்களால் மறுக்க முடியவில்லை.

பட்டம் இருந்தால் போதுமா? போதாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு அது. தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. பட்டம் இருந்தே இந்த நிலை. அதுவும் இல்லையென்றால் எதை நம்பி அழைப்பார்கள்? தெரிந்தவர் சிபாரிசை. அந்தச் சிபாரிசு நம் தெருவுக்கு வருமா?

ஆகவே, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளே, யார் பேச்சையோ கேட்டுப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கல்லூரிக்குப் போக முடியாதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். கற்றுக்கொண்டு, எழுதிய நிரலை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். பட்டம் கேட்க மாட்டோம் என்னும் நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பெயரையும் ஊரையும் மறைத்துத் தேர்வு வையுங்கள். தனியார் துறையிலும் இடஒதுக்கீடு கொடுங்கள். அதன்பிறகு பட்டம் தேவையா என்று நிதானமாகப் பேசலாம்.