நாலு வரி போதும்!
(துவாரகா கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலை முடிந்து களைத்து வருகிறவர் நம் இதழைப் பிரிப்பதில்லை. கைப்பேசியில் வரும் நாலு வரியைப் படிக்கிறார். அந்த நாலு வரியை நாமே எழுதுவோம்.

சுருங்கச் சொன்னால் சேரும். சிங்கப்பூரில் 1935-இல் 'தமிழ் முரசு' தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950-களில் பல்கலைக்கழகத் தமிழுக்கு நிதி திரட்ட முழங்கியது மூன்றே சொற்கள்: 'தமிழ் எங்கள் உயிர்'. உழைப்பாளிகளும் கொடுத்தார்கள்.

நாம் எழுதுவது இப்படி இருக்கட்டும்: "ஊரில் முன்னுரிமைக் குடும்ப அட்டையா? ஆதார் இணைத்திருந்தால் டெல்லி ரேஷன் கடையிலும் தானியம் வாங்கலாம். 2021 முதல் உள்ள உரிமை. விவரம் நம் இதழில்."

ஒரு குறிப்புக்கு ஒரே செய்தி. பாதியை மறைத்து ஆவலைத் தூண்டுவது வியாபாரம். பயனைக் கையில் கொடுத்து இதழுக்கு அழைப்பதே இயக்கம். வாசகர் பெருகினால் சங்கம் வலுக்கும்!